மணல்மேட்டில் ஓர் ‘ஆச்சு’

போன ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க நடந்தேன். என்னை அறிந்த வாசகர்கள் நம்ப மாட்டீர்கள். முக்குக் கடையில் வெற்றிலை வாங்கவே ரிக்‌ஷா தேடுகிற ஆசாமியாயிற்றே நான்!

என் தங்கை வசந்தா செங்கல்பட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் லெக்சரர். குன்றிலிருந்து கடல்வரை நடந்துகொண்டே, மண் மாற மாறச் செடிகொடி எப்படி மாறுகிறது என்று மாணவிகளுக்குக் காட்ட ஒரு ‘ஃபீல்டு ட்ரிப்’. துணைக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டுமென்று என்னை இழுத்துப் போனாள்.

இந்த வழியைச் சொன்னவள் அஞ்சலை என்கிற மாணவி. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்து பெஞ்சு காலியாகிவிடும் — கருவாட்டு வாசனை! ‘எங்க வூட்டாண்ட வந்து முடிச்சிக்கலாம் மிஸ்’ என்று வசந்தாவிடம் ரொம்ப நாளாகக் கெஞ்சியிருக்கிறாள். வகுப்பு மொத்தமும் ஒரு தடவையாவது தன் வீட்டுக்கு வரவேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

நடந்தோம். முதலில் பாறையும் முள்ளும். காரை, சூரை... தாவணியைக் கிழிக்காத செடியே இல்லை. அப்புறம் ஏரிக்கரை, நெல் வயல். கால்வாயைப் படகில் தாண்டியதும் மண் வெளுத்தது. சவுக்குத் தோப்பு வந்தது. அதையும் கடந்தால் — வெறும் மணல். காலையில் பார்த்த பச்சை எங்கே போயிற்று? நம் ஜில்லாவுக்குள்ளேயே ஒரு குட்டிப் பாலைவனம்! ராவணன் மீசைப் புல் மட்டும் ஊசி ஊசியாகக் காலைக் குத்திக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் பொட்டலங்களைப் பிரித்தபோது அஞ்சலை ஒவ்வொருத்தியிடமும் போய், ‘கம்மியா சாப்டுங்கடி’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று எங்களில் யாருக்காவது உறைத்ததா?

மணல்மேட்டில் அவளுடைய அம்மா எதிர்கொண்டு வந்தார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. எல்லோருக்கும் அகோரப் பசி.

“இன்னா டீச்சரம்மா, பொண்ணுங்கல்லாம் சாப்டாங்களா?”

“ஆச்சும்மா. வழியிலேயே ஆச்சு” என்றாள் வசந்தா.

பொய்தான்; ஏரிக்கரையில் கொறித்ததெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டது. இந்தப் பொய்யைச் சொல்லாதவர் நம்மில் யார்? ஓலைக் குடிசை, இத்தனை பேர்... பாவம், அந்தம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்கிற நல்லெண்ணம். நானும் தலையாட்டினேன். சிக்கல் என்னவென்றால், ‘உங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டேன்’ என்று நினைப்பவர்களும் இதே ‘ஆச்சு’வைத்தான் சொல்கிறார்கள். கேட்கிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

அந்தம்மா வற்புறுத்தவில்லை. வண்டிக்கு நேரமாகிறது என்று நாங்கள் சொன்னதும் வழிவிட்டார். அஞ்சலை எங்கள் முகத்தைப் பார்க்காமல் அவரோடு போய்விட்டாள்.

எங்களை ஏற்றிப்போக வந்திருந்த வாடகை பஸ் குப்பத்தைச் சுற்றித் திரும்பும்போதுதான் பார்த்தோம். குடிசைக்குப் பின்னால், பழைய படகுப் பாயை நிழலுக்குக் கட்டி, மணலில் வரிசையாகத் தையல் இலைகள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வோர் இலைமேலும் ஒரு கருங்கல் சில்லு.

வசந்தா பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினாள். பின்னாலேயே நானும். அங்கே இரண்டு அண்டா இருந்தது. ஒன்றில் மீன் குழம்பு. இன்னொன்றில், மீன் தொடாத பெண்களுக்காக, சாம்பார்.

இப்போதே உட்காருகிறோம் என்று வசந்தா கெஞ்சினாள். அந்தம்மா இலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே சிரித்தார்.

“வுடுங்க டீச்சரம்மா. உங்களுக்குத்தான் ஆச்சே. இங்க ஆளுங்க கீறாங்க, துன்னுடுவாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கல்லூரிக்கு அஞ்சலை டிபன் பாக்ஸ் கொண்டு வரவில்லை. மத்தியானம் வசந்தா தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்து, சாப்பிடலாம் வா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

“ஆச்சு மிஸ்” என்றாளாம் அஞ்சலை.

நாங்கள் நடத்திய பாடம்தான்... நன்றாகவே படித்துவிட்டாள்.