ஆபீஸ் என்றால் மேலே

கட்டடம் கட்டும் இடத்தில் எல்லோரும் ஏதாவது நடப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறார்கள். எதுவும் நடக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் சேப்டி ஆபீசர். பள்ளிக்கூடத்தில் கிளாஸ் லீடராக இருந்து, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதி, இன்டர்வெல்லில் அடி வாங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். ஹெல்மெட் போடச் சொன்னால் முடி கொட்டுகிறது என்பார்கள். பெல்ட் மாட்டச் சொன்னால் அன்றைக்கென்று இடுப்பு வலி வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக டீச்சர்கள். நான்தான் கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஐந்து மாடி எழும்பிக்கொண்டிருந்த சைட்டுக்கு வெயில் காயப் போனேன். அங்கே கிரேனுக்குக் கை காட்டுகிற சிக்னல்மேன், அனகாபுத்தூர் டேவிட் அண்ணன். அவர் கையை விரித்தால் கிரேன் நிற்கும். அதனாலேயே மேனேஜருக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்கோ அவரைப் போல ஒரு ஆள் இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு வார்த்தை

சேர்ந்த மூன்றாம் நாள். கிரேன் கொக்கியில் கம்பிக் கட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டுகிறவரின் கை இன்னும் சுமை தூக்குகிற பெல்ட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்தது. அதைப் பார்க்காமல், ரிஜிஸ்டரில் ஏதோ சந்தேகம் கேட்பதற்காக, கிரேன் ஆபரேட்டருக்கும் கேட்கிற வாக்கிடாக்கியில், "டேவிட் அண்ணா, கொஞ்சம் ஆபீஸ்..." என்று ஆரம்பித்தேன். கம்பிக் கட்டு விருட்டென்று எழும்பியது. டேவிட் அண்ணன் இரண்டு கையையும் விரித்து "நில்லு, நில்லு!" என்று கத்திய கத்தலில் கிரேன் ஆபரேட்டர் மூர்த்தி நிறுத்திவிட்டார். மாட்டியவர் கையை உருவிக்கொண்டார். நல்லவேளை, தோல் மட்டும்தான் உரிந்திருந்தது.

கிரேன்காரர்கள் பாஷையில் 'ஆபீஸ்' என்றால் தூக்கு, 'ஆரியா' என்றால் இறக்கு. துறைமுகத்திலிருந்து வந்த வார்த்தைகள் என்கிறார்கள். டிப்ளமோ, சர்டிபிகேட் எல்லாம் வாங்கி பைலில் வைத்திருந்த எனக்கு அது தெரியாது. திட்டு வாங்கத் தயாராக ஓடினேன். அவர் முதலில் அந்தக் கையைக் கழுவி மருந்து போடச் சொன்னார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். "மேடம், இனிமே அத்த ரூமுன்னு சொல்லுங்க. இங்க ஆபீஸ்னா ஆளு மேல பூடுவான்."

ஏழு துண்டு

தினமும் காலையில் டேவிட் அண்ணன் தூக்குகிற பெல்ட்டுகளை வரிசையாக விரித்துப்போட்டு, பேன் பார்ப்பது போல அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் ஒரு பெல்ட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டு. சட்டப்படி நான் அதில் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். நான் அட்டையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ரம்பத்தை எடுத்து அதை ஏழு துண்டாக அறுத்துவிட்டார்.

ஸ்டோர்கீப்பர் பதறிப்போய் வந்தார். பார்க்கப் புதிதாக இருப்பதை ஏன் அறுத்தாய், ஒரு ஓரமாகப் போட்டு வைத்திருக்கலாமே என்று சத்தம் போட்டார். டேவிட் அண்ணன் துண்டுகளைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "ஓரமா போட்டா, ஒரு அவசரத்துக்கு நீங்களே எட்த்தாந்து குடுப்பீங்க சார்."

நான் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிளாட் பார்க்க வந்தவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது மாடியில் பிளாட் வாங்கியிருந்த ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் மனைவியோடு வந்தார். தடுப்புக் கயிற்றைத் தூக்கி, மனைவியைக் குனிய வைத்து உள்ளே அழைத்து வந்து, சரியாகக் கல் ஏற்றிக்கொண்டிருந்த கிரேனுக்குக் கீழே நின்று, அண்ணாந்து தன் பால்கனியைக் காட்டினார். டேவிட் அண்ணன் கிரேனை நிறுத்தி, சுமையை ஆளில்லாத பக்கம் திருப்பி இறக்கினார். அவர்கள் கயிற்றுக்கு வெளியே போகும்வரை வேலையைத் தொடங்கவே இல்லை. மொத்த சைட்டும் அரை மணி நேரம் சும்மா நின்றது.

"என் பிளாட்டை நான் பார்க்கக் கூடாதா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். "பிளாட்டு உங்களுதுதான் சார், ஒத்துக்கறேன். மேல தொங்கினு இர்ந்துச்சே, அது யாருக்குன்னு இன்னும் முடிவாவல." என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக மேனேஜரிடம் போனார். டேவிட் அண்ணனின் பெரிய மகள் நர்சிங் கடைசி வருஷம். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான். இதெல்லாம் தெரிந்துதான் மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். "டேவிட், இன்னொரு தடவை கிரேனை நிறுத்துன, அப்படியே வீட்டுக்குப் போயிடு."

ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால்

ஏரிப் பக்கம் என்பதால், வெள்ளம் வந்தாலும் நனையாமல் ஜெனரேட்டரை முதல் மாடித் தளத்தில் வைப்பதாக முடிவானது. முதலாளி நல்ல நேரம் குறித்துவிட்டார். பேப்பர் தயாராக இருக்கட்டும் என்று மேனேஜர் கேட்டார்; தூக்குவதற்கான அனுமதிப் படிவத்தில் முந்தின சாயங்காலமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தரையைப் பார்த்த பிறகு போட வேண்டிய கையெழுத்து அது. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அன்று ராத்திரி நல்ல மழை.

காலையில் தேங்காய் உடைத்தாயிற்று. ஜெனரேட்டருக்குப் பொட்டு வைத்து மாலையும் போட்டாயிற்று. கிரேன் சாயாமல் இருக்க நான்கு பக்கமும் இரும்புக் கால்களை நீட்டிக் கட்டைகள்மேல் ஊன்றியிருந்தார்கள். டேவிட் அண்ணன் ஒரு காலின் பக்கத்தில் குந்தி, கட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாக உள்ளே போனது. எழுந்து இரண்டு கையையும் விரித்தார். "தூக்க முடியாது சார். அடி ஈரமா கீது. காலு எறங்கிடும்." மேனேஜர் என் படிவத்தை அவர் முகத்துக்கு நேரே ஆட்டினார். "மேடமே கையெழுத்துப் போட்டுட்டாங்க. உனக்கென்ன?"

டேவிட் அண்ணன் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் தரையைப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பேன் என்று நம்பி, எதை வைத்துப் போட்டேன் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தார். நான் படிவத்தை வாங்கி, கையெழுத்தின்மேல் குறுக்கே கோடு கிழித்து, 'தரையைப் பார்க்காமல் போட்டது, ரத்து' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. டேவிட் அண்ணனைக் கிளம்பச் சொன்னார். என் கதையை மதியம் பேசிக்கொள்ளலாம் என்றார். அண்ணன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். வேலை போன அந்த மனுஷர் கேட் தாண்டும்வரை ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

அனுமதியும் இல்லை, சிக்னல்மேனும் இல்லை, தூக்க மாட்டேன் என்று மூர்த்தியும் சொல்லிவிட்டார். சரி, கிரேனையாவது மடக்கி ஓரம் கட்டு என்றார் மேனேஜர். கொக்கியில் ஒரு செங்கல்கூட இல்லை. மூர்த்தி வெறும் கிரேனை அந்தக் காலின் பக்கம் திருப்பினார். கட்டை புரண்டது. கால் முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் இறங்கி, வண்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. மூர்த்தி இறங்கி வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜெனரேட்டரை வாங்கி வைப்பதற்காக முதல் மாடியில் நான்கு பேர் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேனேஜர் வேறு யாரையும் அனுப்பவில்லை, தானே கேட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். டேவிட் அண்ணன் வெளியே தன் பைக்கில் பையை மாட்டிக்கொண்டிருந்தார். "உள்ள வாப்பா டேவிட். அந்தக் காலை எப்படி வெளிய எடுக்கறதுன்னு நீயே சொல்லு" என்றார் மேனேஜர். அண்ணன் பையைக் கழற்றினார். "வரேன் சார். மொதல்ல மேடம் வந்து தரைய பாக்கட்டும், அவங்க கையெழுத்து போட்டப்புறம் சொல்றேன்."

இப்போதெல்லாம் சைட்டில் என் கையெழுத்துக்குத் தனி மதிப்பு: மேனேஜர் குனிந்து என் ஷூவில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேப்பரையே நீட்டுகிறார்.