பாலிசியில் இருந்த பெயர்

கார் இன்சூரன்ஸ் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருப்பார். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அடிக்கோடு போடுவார். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோ மேல்தட்டில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைப்பார்.

"ஏட்டி, ஒரு நாளாவது இத எடுத்து வாசி."

"ஏன், பரீட்ச வைக்கப் போறீகளா?"

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவள் நான். அந்தத் திமிர்.

அவர் இறந்த பிறகும் அவருடைய போனை நான் அணைக்கவில்லை. பாலிசி முடியப்போகிறது என்று, அவர் பெயரைச் சொல்லி வணக்கம் போட்டு ஒரு செய்தி வந்தது. இன்னும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறதே என்றிருந்தது. போனிலேயே பணம் கட்டி, அந்தப் பெயரிலேயே புதுப்பித்தேன். அடுத்த வருஷமும் அப்படித்தான். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தப் பெயரை என் கையால் எடுக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

போன மழையில் ஆறு பெருகி, வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. கார் கண்ணாடி வரை முங்கியது. என் கணவரின் பழைய சிநேகிதர்தான் ஏஜெண்ட். இழப்பீட்டுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்து வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஆளு போன பெறவு அவங்க பேருலயே பாலிசி போட்டா செல்லாதுன்னு சொல்லுதாங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"அவுக செத்துட்டாகன்னு நானே எழுதிக் கொடுக்கணுமோ?" என்று கத்திவிட்டேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் கிளம்பியதும் பீரோவைத் திறந்து அந்த உறையை எடுத்தேன். என் கணவர் கடைசியாக வாசித்த பாலிசியில், ஏழாம் பக்கத்து ஆங்கில வாக்கியம் ஒன்றுக்கு இரட்டைக் கோடு. உரிமையாளர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் வாரிசு தெரிவித்துப் பெயரை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். ஓரத்தில் அவர் கையெழுத்து: "ஏட்டி, இது உனக்கு."

பட்டுப்புடவை எடுக்கும்போதெல்லாம் கையில் பட்டிருக்கும் உறை. நான் பிரிக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

காரைச் சொந்தச் செலவில் சரிசெய்தேன். இறப்புச் சான்றிதழ் கொடுத்து ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்றினேன். ஏஜெண்ட் புது விண்ணப்பத்தோடு வந்து, உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். அத்தனை வருஷமும் நாமினி என்ற கட்டத்தில் இருந்த பெயர் அது. நான் அழவில்லை. தேறிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

"வண்டி ஓட்டும்போது உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பணம் யாருக்குப் போவணும் டீச்சர்? நாமினி பேரு சொல்லுங்க."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் யோசிக்காமல் உடனே சொன்னேன். அவர் பேனா அப்படியே நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் சொன்னது என் கணவரின் பெயர்.