புலிக்குப் போட்ட பூனைக்கண்

புலிக்கு நான் கண் போட ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு கம்பெனியில் வண்ணம் தீட்டுவது என் வேலை. உடம்புக்கு வரி போட வேறு ஆள் உண்டு. கண்ணுக்கு மட்டும் என்னிடம்தான் வரும். மஞ்சளில் ஒரு பொட்டு, அதன் நடுவே நெட்டுக்குத்தாக மெல்லிய கறுப்புக் கோடு. எங்கள் வீட்டுப் பூனையைப் பார்த்து நானே பழகியது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

போன கோடை விடுமுறையில் கம்பெனிப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்து வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். ஐந்தாவது படிக்கும் என் மகளும் வந்தாள். உயிருள்ள புலியை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அகழிக்கு அந்தப் பக்கம் நிழலில் படுத்திருந்தது. மகள் என் போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என்னிடமும் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“யம்மா, புலிக்குக் கண்ணுல கோடே இல்ல. நம்மள மாதிரி உருண்டையா இருக்குது. நீ தப்பா போடுறம்மா.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். “இத்தினி வருஷமா பூனைக்குத்தான் வரி போட்டு வித்துருக்கோம்,” என்றாள் ஒருத்தி. எனக்குச் சுருக்கென்றது.

“வாய மூடிக்கினு வா. பெரிய இவ,” என்று பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளினேன்.

அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கவில்லை. யானை, நீர்யானை, பார்க்க ஆசைப்பட்டு வந்த ஒட்டகச்சிவிங்கி, எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடியே கடந்தாள். திரும்பும்போது வழியில் டீக்கு நிறுத்தினார்கள். அவள் வேனைவிட்டு இறங்கவில்லை. கூப்பிட எனக்கு ரோஷம் விடவில்லை. பூனையை அத்தனை உற்றுப் பார்த்த நான், புலியின் ஒரு படத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. பத்து வயசுப் பிள்ளை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டாள். சந்தோஷப்பட வேண்டியவள் நான்.

மறுநாள் வேலைக்குப் போனதும் ஒரு புலிக்கு உருண்டைக் கண் போட்டேன். அச்சு அசலாக இருந்தது. முதலாளி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, பாவமா பாக்குது. பழையபடியே போடுங்க.”

பழையபடியே போட்டேன். இன்றும் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் அன்று சாயந்திரம் மகளுக்குத் தலை பின்னும்போது மறைக்க மனசு வரவில்லை.

“நீ சொன்னதுதான் சரி. மொதலாளிதான் வேணாங்குறாரு.”

அவள் திரும்பவில்லை.

“அங்கியே உனக்கும் தெரியும்ல? அப்பறம் ஏம்மா தள்ளுன?”

எல்லோரும் சிரித்தார்கள், அதனால்தான் என்று என்னால் அவளிடம் சொல்ல முடியவில்லை.