மைனியும் மலையேறும் வண்டியும்

என் கணவரின் அக்கா, எனக்கு மைனி, தன் புருஷன் வீட்டை விட்டுவிட்டு, கோவண்டியிலிருந்து ஆட்டோ பிடித்து எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்தபோது, நான் உள்ளறைத் தரையில் உட்கார்ந்து ஒரு வண்டியின் முன் அச்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த வண்டி. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வீடு கட்டுவார்களே, அதே கட்டைகள்தான். அந்த வகையிலேயே பல்சக்கரம், தண்டு, சின்ன மோட்டார் எல்லாம் கிடைக்கும். ரிமோட்டால் ஓட்டலாம். கல்லோ மேடோ எதுவானாலும் ஆமைபோல ஊர்ந்து ஏற வேண்டும். அதுதான் அதன் வேலை.

மைனி இரண்டு பெட்டிகளையும் கட்டிலின்மேல் வைத்துவிட்டு என்னைக் குனிந்து பார்த்தாள்.

“இது என்னட்டி?”

“வண்டி, மைனி. கல்லுமேல ஏறும்.”

“யாரு வீட்டுப் பிள்ளைக்கு?”

“எனக்குத்தான்.”

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். “இதுக்குத்தான் ஆபீசுலேர்ந்து ஓடி வாராளா? பிள்ள பெக்க வக்கில்ல, பொம்ம வேண்டிக்கெடக்கு.”

என் கணவர் பெட்டியை இழுத்து ஓரமாக வைப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டார். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் கன்னத்தில் பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த காயத்தைப் பார்த்தேன். ஏன் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. புரிந்தும் பிடிக்கவில்லை.

உள்ளறை அவளுக்குப் போயிற்று. என் கட்டைகள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போயின. அங்கிருந்தும் அவை தப்பவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், நான் தனியாக எடுத்து வைத்திருந்த சின்னப் பல்சக்கரங்களைக் காணவில்லை.

“பெருக்கும்போது கெடந்துது. கச்ரான்னு நெனச்சேன்,” என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குப்பைத்தொட்டியில் கையைவிட்டு, மீன் செதிலுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவே ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். கழுவினேன். நாற்றம் போகவில்லை. மறுநாள் காலையில், அவள் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணும் நேரம் பார்த்து வண்டியை அவளுடைய பெட்டிகளின்மேல் ஏற்றிப் பழக்கினேன். மோட்டாரின் முனகல் அவள் ‘ஆமென்’ சொல்லும்வரை ஓயவில்லை.

“நடக்கமாட்டாத கெழவிகூட இதவிட வேகமாப் போவா,” என்றாள், எழுந்து சேலையை உதறிக்கொண்டே.

“வேகமாப் போனா ஏற முடியாது, மைனி.”

அது உண்மை. முதலில் கட்டிய வண்டியில் மோட்டாரை நேரே சக்கரத்தோடு இணைத்திருந்தேன். தரையில் பறந்தது. ஒரு செருப்பின்மேல் ஏறச் சொன்னால் நின்றுவிட்டது. சின்னப் பல்சக்கரம் பெரியதைச் சுழற்றும்படி வைத்ததும் வேகம் செத்து, பலம் வந்தது. ஆனால் அந்தப் பலத்தைத் தாங்க முடியாமல் நடுத்தண்டு முறுக்கிக்கொண்டது. கடைசியில் பெரிய பல்சக்கரங்களைச் சக்கரங்களின் பக்கத்திலேயே வைத்தேன். தண்டுக்குப் பாரம் குறைந்தது, வண்டியின் வயிறும் தரையிலிருந்து உயர்ந்தது. இதையெல்லாம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்பதற்கு ஆளில்லை.

பக்கத்துக் கட்டிடத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக இடித்துப் போட்டிருந்தார்கள். எங்கள் காம்பவுண்டின் ஓரம் முழுக்க உடைந்த செங்கல், சிமென்ட் பாளம், வளைந்த கம்பி. பெட்டியில் ஏறுகிற வண்டிக்கு அதுதான் நிஜமான மலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், கணவர் மீன் வாங்கப் போன நேரத்தில், வண்டியைக் கீழே கொண்டுபோனேன். சாய்ந்து கிடந்த ஒரு பாளத்தின் பாதிவரை ஏறும். அங்கே முன்சக்கரத்தைத் திருப்பினால் இணைப்பு கழன்று, வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். மறுபடி மாட்டி ஏற்றினேன். மறுபடி இறங்கியது.

அப்போதுதான் மைனியின் புருஷன் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கும் ஷூ. சர்ச்சிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும்.

“அவ எங்க?”

“எதுக்குண்ணே?”

“கூட்டிட்டுப் போறதுக்கு. நீ மேல போம்மா. இது குடும்ப விஷயம்.”

“நான் எங்க வீட்டு வாசல்லதான் நிக்கேன்,” என்றேன். மைனி ஒழிந்தால் போதும் என்று தினமும் நினைத்தவள் நான். ஆனாலும் அவர் குரலில் இருந்த அதிகாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாடியிலிருந்து அவள் பார்த்திருக்கிறாள். படியிறங்கி வந்து சுவரோரம் நின்றாள். வாயே ஓயாத மைனி தலையைக் குனிந்து அவருடைய ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

“பெட்டிய எடு. சும்மா காலி-பீலி தமாஷா வேண்டாம்,” என்று அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கைய விடுங்கண்ணே,” என்று நான் நடுவே போனேன். ரிமோட் என் கையில்தான் இருந்தது. எந்த விரல் பட்டதோ, வண்டி கற்களிலிருந்து இறங்கி ஊர்ந்துபோய் அவர் ஷூவில் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரங்கள் மட்டும் விடாமல் சுற்றின. அவர் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காலைத் தூக்கி ஓங்கி மிதித்தார்.

கட்டைகள் தெறித்தன. ஒரு சக்கரம் கேட்வரை உருண்டது. அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்; அதற்குள் மைனியின் குரல் கேட்டது.

“குனி.”

அவருக்கு விளங்கவில்லை. “என்னது?”

“குனிஞ்சு பொறுக்கு. அவ ராவும் பகலும் உக்காந்து கட்டுனது. ஒண்ணுவிடாமப் பொறுக்கிக் குடு.”

புருஷனை ‘நீங்க’ என்று தவிர வேறு சொல்லி அழைத்தவளில்லை அவள். அவருக்கும் அதுதான் முதலில் உறைத்தது என்று நினைக்கிறேன். பிடித்திருந்த கை தளர்ந்தது. மாடிகளில் ஜன்னல்கள் திறந்துவிட்டன. கீழ் வீட்டு மராட்டிக்காரம்மா துடைப்பத்தோடு வெளியே வந்து, “காய் ஜாலா?”, என்ன ஆச்சு என்று உரக்கக் கேட்டாள்.

“இவரு குனியப்போறாரு, எல்லாரும் பாருங்க,” என்றாள் மைனி.

அவர் குனியவில்லை. தரையில் துப்பினார். “இங்கயே கெடந்து சாவு,” என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் ஒரு கட்டை ஷூவுக்கடியில் சிக்கி அவரைத் தடுமாறவைத்தது. அதைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷம்தான்.

நாங்கள் இரண்டு பேரும் கட்டைகளைப் பொறுக்கினோம். “தாங்க்ஸ், மைனி,” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

“ஒனக்காகன்னு நெனச்சியா? வாச்சிமேன்லேர்ந்து எல்லாரும் பாக்க நடுத்தெருவுல பொம்ம ஓட்டுனா, எவனாவது போயி அவருட்ட சொல்லாம இருப்பானா? ஒன்னாலதான் இங்க தேடி வந்தாரு.”

“நீங்க இங்க இருக்கீங்கன்னு கோவண்டிக்கே தெரியும். நீங்கதானே சர்ச்சுல எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு நின்னீங்க.”

“வாய மூடுட்டி.”

மீனோடு வந்த என் கணவர், படியில் நின்று கத்திக்கொண்டிருந்த எங்களுக்கு நடுவே புகுந்து மேலே போனார். என்ன நடந்தது என்று அவருக்கு விளக்கக்கூட எங்களுக்கு நேரமில்லை.

மழைக்காலம் முடிந்ததும் மைனிக்குக் கோபர்கைரனேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டாள். புருஷன் அதற்குப் பிறகு தேடி வரவில்லை. அவள் போன அன்றே உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைத் திரும்பக் கட்ட ஆரம்பித்தேன். முன் அச்சில் இரண்டு துண்டுகள் விரிசல் விட்டிருந்தன. வேறு வாங்க தாதருக்குப் போக வேண்டியிருந்தது.

வாரத்தில் ஒரு தடவை தம்பிக்கு போன் செய்வாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் வெங்காயம் நறுக்குவார்.

“அவ இன்னும் அதக் கட்டிக்கிட்டுத்தான் இருக்காளா?”

“ஆமாக்கா.”

“வெளங்கும் வீடு,” என்று சொல்லி போனை வைத்துவிடுவாள்.