சொந்த வண்டிக்காரர்

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் முதலாளி லாரிக்குள் ஏறுவார். அறுபது லாரிகள் நிற்கிற கம்பெனி வளாகத்தில் இப்படி ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். ஏறியதும் ஸ்டீயரிங்கைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, துடைத்த துணியையும் ஒரு முறை உதறி மடித்து வைப்பார். "அடுத்தவன் வண்டிய மிதிக்கிற மாதிரி சொந்த வண்டிய மிதிக்க முடியுமா?" என்பார், யாரும் கேட்காமலேயே.

சொந்த வண்டி என்பது அவர் வாய்ச்சொல். லாரி கம்பெனியுடையது. வாராவாரம் அவர் வரும்படியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வருடம் முடிந்தால் வண்டியை எழுதிக்கொடுப்பதாக ஒப்பந்தம். மொத்தம் பதினான்கு பக்கம். அதில் அவர் தொழிலாளி அல்ல, தனித்துத் தொழில் செய்யும் ஒப்பந்தக்காரர் என்று நான்கு இடத்தில் போட்டிருந்தது. அந்த நான்கு இடத்தையும் இரண்டு தரம் வாசித்தார். மற்றதிலெல்லாம் கையெழுத்து மட்டும் போட்டார். அன்றைக்கே மற்ற டிரைவர்கள் "முதலாளி" என்று பட்டம் சூட்டிவிட்டார்கள். அதிலுள்ள கேலி அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் உடனே திரும்பமாட்டார். இன்னொரு தரம் காதில் விழட்டுமே என்றுதான்.

முதல் வாரமே, வண்டியின் நெற்றியில் மகள் பெயரை எழுத ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தார். வாசலில் காவலர் மறித்துவிட்டார். வண்டியில் கம்பெனி பெயரைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாதாம். வந்த ஆளைச் சும்மா அனுப்ப மனமில்லாமல், டாஷ்போர்டுப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதவைத்தார். பெயரைப் பார்க்க வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து கழுத்தை ஒடித்துக் குனிய வேண்டும். பலரைக் குனியவைத்திருக்கிறார்.

டயர் வெடித்தால் வண்டி அவருடையது; லோடு வந்தால் கம்பெனியுடையது. எந்த ஊர், எந்த வழி, எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் அலுவலகத்தில் லோடு பிரித்துக் கொடுக்கும் பெண் சொல்வாள். தங்கமான பெண். குரலை உயர்த்தியதே கிடையாது. "பார்ட்னர்" என்றுதான் அழைப்பாள். போன மாதத் தொடக்கத்தில் அவர் காய்ச்சலென்று ஒரு லோடை மறுத்தபோதும், "உடம்பப் பாத்துக்கங்க பார்ட்னர்" என்று சொல்லிவிட்டு, அவர் பெயருக்கு நேரே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். ஒரே மாதத்தில் இரண்டு புள்ளி விழுந்தால் வண்டி கம்பெனிக்குத் திரும்பிவிடும். கட்டியது கட்டியதுதான், திரும்ப வராது. பதினோராம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

அதே மாதம் மூன்றாவது புதன்கிழமை அவர் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் லோடு வந்து, தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாவது முறை தள்ளினால் தன்னிடம் வரவே வேண்டாம் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கூட இருக்க வேறு ஆளில்லை. மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நிறைமாதமாக இருந்தாள்.

"அந்தப் பதினாலு பக்கத்துல, உங்களுக்கு லீவுன்னு ஒரு வரி இல்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"முதலாளிக்கு எதுக்கு லீவு? நெனச்சா நிக்கலாம்."

"அப்ப நெனைங்களேன்."

கல்யாணமான நாளிலிருந்து காணாத அதிசயமாக, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனார். "நாளைக்கு ஒரு நாள் என் மச்சான் ஓட்டட்டும்மா. அவனும் இருபது வருஷ டிரைவர்தான்."

"வேற யாரும் வண்டியத் தொடக் கூடாதே, பார்ட்னர்."

"அப்ப லீவு குடுங்க."

அந்தப் பெண் உண்மையாகவே குழம்பிப்போனாள். "நீங்க எங்ககிட்ட வேலை பாக்கலையே! உங்களுக்கு எப்படி லீவு குடுக்குறது? வர்றதும் வராததும் உங்க இஷ்டம் பார்ட்னர்." சொல்லிக்கொண்டே மறுநாளைய லோடுச் சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஐந்து வருடத்தில் இன்னும் எட்டே மாதம்தான் பாக்கி. சீட்டைப் பார்த்தபடியே நின்றார். நாலு வருடத்துக்கு மேல் முதுகொடிய ஓட்டிய ஓட்டம் அத்தனையும் அந்த மேஜைமேல் கிடந்தது.

"என் இஷ்டம்தானே?"

"ஆமா பார்ட்னர்."

"இன்னொரு தரம் சொல்லும்மா."

"உங்க இஷ்டம்தான்."

சாவியை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார். முதலாளியாக அவர் சுயமாக எடுத்த முதல் முடிவு அது. அந்தப் பெண் சிவப்புப் பேனாவைத் தேட ஆரம்பித்தாள்.

புதன்கிழமை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படிவம் நிரப்பிய நர்ஸ், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டாள். அவர் கை, இல்லாத லாரிச் சாவியைச் சட்டைப் பையில் தேடியது. பச்சை உடுப்பில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மனைவி தலையைத் தூக்கினாள். "டிரைவர்னு எழுதிக்கங்கம்மா."

ஸ்ட்ரெச்சரை ஊழியர் தள்ளிக்கொண்டு போனார். தாழ்வாரம் குறுகல், திருப்பத்தில் யாரோ ஒரு இரும்பு அலமாரியை வைத்திருந்தார்கள். முதலாளி சட்டென்று முன்னால் ஓடி, பின்னோக்கி நடந்துகொண்டே கையசைத்தார். "வரட்டும்... வரட்டும்... இந்தப் பக்கம் கொஞ்சம் ஒடிங்க... போதும், நேரா விடுங்க." ஊழியர் முறைத்தார். மனைவி பயத்தையும் மீறிச் சிரித்துவிட்டாள்.

ஆபரேஷன் அறை வாசலில், "இதுக்கு மேல நீங்க வரக்கூடாது" என்றார் ஊழியர். மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். கலங்கிய கண்ணோடு குனிந்து, நிறுத்திய லாரியைக் கிளப்பிவிடுகிற ஆள்போல, ஸ்ட்ரெச்சரின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்... போலாம்."