படிக்காமல் மறுத்த காகிதம்

குர்து இன்ஜினியரை நினைத்தால் முதலில் அவருடைய ஆள்காட்டி விரல்தான் கண்ணில் நிற்கிறது. நகத்தைச் சுற்றி ஊதா மை. துபாயின் கராமா பகுதியில் நாங்கள் இருந்த பழைய ஃபிளாட்டில் அவருக்கு ஓர் அறை. இன்னோர் அறையில் நானும் யாழ்ப்பாணத்து அண்ணரும். வடக்கு ஈராக்கில் குர்துகளுக்குத் தனி நாடு வேண்டுமா என்று கேட்டு நடந்த வாக்கெடுப்புக்காகவே இன்ஜினியர் லீவு போட்டு ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். சமையலறையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது அந்த விரலைச் சற்றுத் தூக்கியே வைத்திருப்பார். பிழைக்க வந்த இடத்தில் இதையெல்லாம் எதற்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அண்ணருக்கு எரிச்சல் இல்லை, சந்தேகம். போரில் வீட்டை விட்டு ஓடி வந்தவர். வாக்குக் கேட்பவர்களையும் நம்ப மாட்டார், தடுப்பவர்களையும் நம்ப மாட்டார். "கேக்கிறவை தங்கட பிள்ளையளைப் பத்திரமா வெளியில வைச்சிட்டுத்தான் கேப்பினம் தம்பி. மாட்டமெண்டிறவை முதல்ல பாதையைத்தான் பூட்டுவினம்" என்பார். அப்படியே ஆனது. பாக்தாத் அரசு குர்து பகுதிக்கு வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. துபாய்க்குக் கிளம்பவிருந்த இன்ஜினியரின் மனைவியும் மூன்று வயது மகளும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து ஒரு விடுமுறை நாளில் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ஒரு காகிதத்துடன் வந்தார். உங்கள் இருவரின் கையெழுத்தும் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேலே 'சம்மதம்' என்று பொருள்படும் சொல் மட்டும் என் கண்ணில் பட்டது. தனி நாட்டுக்கு ஆதரவு திரட்டுகிறாரா, இல்லை எங்களை ஆழம் பார்க்க யாராவது அனுப்பினார்களா? அண்ணர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "ஒண்டிலயும் கையெழுத்து வையாதை. உது ஆரிட்டப் போகுதோ ஆருக்குத் தெரியும்?" நான் காகிதத்தைத் தொடாமலே, "பாலிடிக்ஸ் மாஃபி, பாய்" என்று, அரசியலெல்லாம் கிடையாது என்பதை அரைகுறை அரபியில் சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, கீழே வாட்ச்மேன் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குடும்பம் வந்து தங்கினா உங்களுக்கு என்ன கஷ்டம் பாய்? ஒரு கையெழுத்துதானே?" விஷயத்தை அவர்தான் சொன்னார். மனைவியும் மகளும் பாக்தாத் வழியாகச் சுற்றி வர ஏற்பாடாகியிருந்தது. பேச்சிலர் ஃபிளாட்டில் குடும்பம் தங்க வேண்டுமென்றால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று கட்டட உரிமையாளர் கேட்டிருக்கிறார். கடிதம் வராததால் முடியாது என்று சொல்லிவிட்டார். பயணம் ரத்து.

மூச்சு வாங்க மேலே ஓடினேன். இன்ஜினியர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறதாம். காகிதத்தைக் கொடுங்கள், இப்போதே போடுகிறேன் என்று கெஞ்சினேன். கிழித்துவிட்டேன் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பாக்தாத்துக்கும் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்."

இப்போதும் எங்கோ ஒரு பகுதி பிரிந்து போகிறேன் என்கிறது, தலைநகரம் காதைப் பொத்திக்கொள்கிறது என்று செய்தி வந்தால், கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினால் என்ன குறைந்துவிடும் என்று வாய்விட்டே திட்டுகிறேன். திட்டிய கையோடு வெட்கமாகவும் இருக்கிறது. விமானத்தை நிறுத்திய பாக்தாத்தில்கூட அந்தக் குழந்தை சுற்றி வர ஒரு வழி மிச்சமிருந்தது. அதை அடைத்தவர்கள் நாங்கள்.