மாவுக்கட்டு போடுபவள் பனிச்சறுக்கப் போகிறாள்

இன்று எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு டிராவல்ஸ் வாசலில் ஆல்ப்ஸ் மலைப் படம் பார்த்தேன். ‘பனிச்சறுக்குச் சுற்றுலா. எல்லா நிலையினரும் வரலாம்.’

உள்ளே போய் விண்ணப்பம் கேட்டேன்.

“யாருக்குங்க?” என்றார் மேசையில் இருந்தவர்.

“எனக்குத்தான்.”

“ஏனுங்கம்மா, எண்பது வயசுல போய் மாவுக்கட்டோட வாரதுக்குங்களா?”

அறுபதுகளில் அதே மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். சறுக்கி விழுந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடுவதே குளிர்காலம் முழுக்க என் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் புடவையை மடித்து வைத்துவிட்டு, இரவல் கால்சட்டையில் நானும் சறுக்கப் போவேன். கூட இருந்த கன்னியாஸ்திரீகள் முறைப்பார்கள். நான் நிறுத்தவில்லை.

இதைச் சொன்னதும் அவர் பேனாவை எடுத்தார். “அப்ப எந்த நிலைன்னு போடட்டுங்க?”

பேனாவை வாங்கி, ‘தேர்ந்தவர்’ என்று நானே எழுதினேன்.

கூட வருகிறவர்கள் கீழே கமெண்டில் சொல்லுங்கள். விழுந்தால் கட்டு நான் போடுகிறேன்.